அதிபர் தேர்தலும் ஜேம்ஸ் வில்சனும்

அன்புள்ள ஐயா,
அமெரிக்க அதிபரைத் தேர்வாளர்கள் வழியாகத் தேர்ந்தெடுக்கும் யோசனை ஜேம்ஸ் வில்சனுடையது என்று ஓரிடத்தில் படித்தேன். அவர் நேரடித் தேர்தலுக்காக வாதாடியவர் என்று இன்னோரிடத்தில். எது சரி? நீதிபதியாக இருக்கும்போதே சிறைக்குப் போனாராமே?
எஸ்.

அன்புள்ள எஸ்.,
இரண்டும் சரி. இடையில் ஒரு நாள்தான். 1787 ஜூன் 1 அன்று, அமெரிக்க அரசியல் சட்டத்தை எழுதிய பிலடெல்பியா மாநாட்டில், அதிபரை மக்களே தேர்ந்தெடுக்கலாம் என்றார் பென்சில்வேனியாவின் பிரதிநிதியான வில்சன். வெறும் கனவாகத் தோன்றுமோ என்ற தயக்கத்தோடுதான். மறுநாள் ஒரு படி இறங்கிவந்தார்: மாநிலங்களை வட்டாரங்களாகப் பிரிப்போம், வட்டார மக்கள் தேர்வாளர்களை அனுப்பட்டும், அவர்கள் அதிபரைத் தேர்ந்தெடுக்கட்டும். அதுவும் தோற்றது. செப்டம்பரில் 11 பேர் குழு ஒன்று தேர்வாளர் முறைக்கே திரும்பியது. அந்தக் குழுவில் வில்சன் இல்லை. தேர்வாளரை நியமிக்கும் வழியையும் அது மக்களிடம் தராமல் மாநிலச் சட்டமன்றங்களிடம் விட்டது.

நான் முக்கியமாக நினைப்பது ஜூன் 11. அடிமைகளில் ஐந்தில் மூன்று பங்கை மக்கள்தொகையில் சேர்த்து பிரதிநிதிகள் சபை இடங்களைப் பிரிக்கலாம் என்று அன்று முன்மொழிந்தவரும் இதே வில்சன்தான். 1783-இல் வரிப் பங்கீட்டுக்காகப் பேசப்பட்ட கணக்கு அது. ஒரு மாநிலத்தின் தேர்வாளர் எண்ணிக்கை என்பது அதன் சபை இடங்களோடு 2 செனட் இடங்கள் என்று ஆனதும், அந்தக் கணக்கு அதிபர் தேர்தலுக்குள்ளும் வந்துவிட்டது. 1790 கணக்கெடுப்பில் வர்ஜீனியாவின் சுதந்திர மக்கள் சுமார் 4.5 லட்சம், பென்சில்வேனியாவில் 4.3 லட்சம். கிட்டத்தட்ட சமம். ஆனால் 1792-இல் வர்ஜீனியாவுக்கு 21 தேர்வாளர்கள், பென்சில்வேனியாவுக்கு 15. வர்ஜீனியாவின் 2.9 லட்சம் அடிமைகள் செய்த வித்தியாசம் இது, அவர்களுக்கோ வாக்கில்லை. வில்சன் கேட்ட நேரடித் தேர்தலில் இந்தக் கூடுதல் பலம் அடிமைகள் அதிகமிருந்த தெற்கு மாநிலங்களுக்குக் கிடைத்திருக்காது. தன் யோசனையைத் தன் கணக்காலேயே கெடுத்துக்கொண்டார்!

சிறை விஷயம் உண்மை. ஆண்டுக்கு 3,500 டாலர் சம்பளம் வாங்கிய உச்ச நீதிமன்ற நீதிபதி, கடன் வாங்கி லட்சக்கணக்கான ஏக்கர் நிலத்தை வளைத்தார். 1796–97 நிதி நெருக்கடியில் நிலம் வாங்க ஆளில்லை, கடன்காரர்கள் மட்டும் வந்தார்கள். நியூ ஜெர்சியின் பர்லிங்டனில் ஒருமுறை, வட கரோலினாவில் இன்னொருமுறை சிறை. 1798 ஆகஸ்டில் ஈடன்டனில் இறந்தபோதும் அவர் நீதிபதிதான். பதவியைப் பறிக்க யாரும் நடவடிக்கை எடுக்கவில்லை.