தாலிக்கொடி 22 கேரட்டில் எடுப்பதா, 18 கேரட்டிலா? எது தேயாமல் உழைக்கும்?

"22 கேரட் சீக்கிரம் தேய்ந்துவிடும், 18 கேரட்தான் உழைக்கும் என்கிறார்களே, உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் பெரியவர்கள் 22 என்றும், நீங்கள் எங்கோ படித்துவிட்டு 18 என்றும் பேசிக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கோவையில் அப்பா காலத்திலிருந்து நகைப் பட்டறை நடத்தும் குடும்பம் எங்களுடையது. தாலிக்கொடிக்கு 22 கேரட்டே எடுங்கள், ஆனால் தடிமனாக, கெட்டியாக எடுங்கள்.

18 கேரட் கடினமானது என்பதில் சந்தேகமே இல்லை. 24 கேரட் கம்பியை விரலால் வளைத்துவிடலாம். தங்க அணுக்கள் அடுக்கடுக்காக ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு போகும். செம்பு அணு தங்க அணுவைவிடச் சிறியது. அது உள்ளே புகுந்தால் அந்த வழுக்கல் தடைபட்டு உலோகம் இறுகும். வெள்ளி அணு கிட்டத்தட்டத் தங்கத்தின் அளவுதான், அதனால் செம்பு அளவுக்கு இறுக்காது. 916 என்று முத்திரை குத்தும் 22 கேரட்டில் ஆயிரத்துக்கு 84 பங்குதான் கலப்பு, 750 எனும் 18 கேரட்டில் 250 பங்கு. வைர மோதிரத்தை 18இல் செய்வது இதற்காகத்தான். கல்லைப் பிடிக்கும் நகங்கள் 22இல் சீக்கிரம் விரிந்துவிடும்.

சங்கிலி கதை வேறு. ஒரு அக்கா தன் அம்மாவின் ஐந்து பவுன் கொடியைக் கொண்டுவந்தார். அப்பா கையால் செய்தது. அன்றைய சீட்டில் 40 கிராம். தராசில் வைத்தால் ஒன்றரை கிராமுக்கு மேல் குறைகிறது. "ஏந்தம்பி, உங்கப்பா அன்னைக்கே கை வெச்சுட்டாருங்களா?" என்று கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார், எனக்கு வயிறு எரிந்தது. லென்ஸைக் கொடுத்து, "நீங்களே பாருங்க்கா" என்றேன். கண்ணியும் கண்ணியும் உரசும் உள்வளைவு மட்டும் நூலாக இளைத்திருந்தது. மற்ற இடமெல்லாம் பழைய தடிமனிலேயே இருந்தது. அப்படியும் விடாமல் ஹால்மார்க் சென்டருக்கு அழைத்துப்போய் மெஷினில் காட்டினேன். தங்கம் 91.7 சதவீதம் என்று வந்தது. தேய்ந்தால் எடைதான் குறையும், மாற்று (தங்கத்தின் சுத்தம்) குறையாது என்பதை அங்கேதான் அவர் நம்பினார்.

அந்தக் கொடியைக் குளிக்கும்போதும் தூங்கும்போதும் கழற்றியதே இல்லை. மஞ்சளும் சோப்பும் தூசியும் கண்ணிக்குள் அடைந்து உப்புத்தாள் போல அராவிக்கொண்டே இருக்கும். குண்டு, காசு என்று கோத்த பாரம் வேறு கீழே இழுக்கும். 18இல் செய்திருந்தால் இன்னும் மெதுவாகத் தேய்ந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் மெல்லிய 18 கேரட் சங்கிலியைவிடக் கெட்டியான 22 கேரட் சங்கிலிதான் அதிக நாள் வரும். இளைத்த கண்ணியை வெட்டிவிட்டு அதே நிறத்தில் புதுக்கண்ணி கோத்துத் தர 22இல் எந்த ஊர்ப் பத்தராலும் முடியும். அடகு வைத்தாலும் 18க்கு அதன் மாற்றுக்கேற்பக் குறைத்துத்தான் கணக்குப் போடுவார்கள். "பத்தர் தன் தொழிலுக்காக 22 என்கிறார்" என்று யாராவது கமெண்டில் எழுதக்கூடும். எனக்கு எதில் செய்தாலும் கூலி ஒன்றுதான்.

சொல்ல வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். கையால் செய்யும்போது வாளும் அரமும் பட்டுத் தூள் போகும். அதை ஈடுகட்டத்தான் சேதாரம் என்று ஒன்று வந்தது. இன்று மெஷினில் முழம் முழமாக இறங்கும் சங்கிலிக்கும் நூற்றுக்கு இவ்வளவு என்று சேதாரம் போடுகிறார்கள். ஏசி கடையில் உட்கார்ந்து ஒரு வார்த்தை கேட்காமல் கொடுத்துவிட்டு வருகிறோம். தாய்ப்பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் என்ற பழி மட்டும் இன்னும் பட்டறைக்காரன் தலையில். எங்கள் தெருவில் பட்டறையை மூடிவிட்டு வேறு வேலைக்குப் போனவர்கள் எத்தனையோ பேர்.

வாங்கும்போது உள்ளே கூடு இல்லாத கெட்டிச் சங்கிலியா என்று கேளுங்கள், பில்லிலும் எழுதச் சொல்லுங்கள். 2023 ஏப்ரலிலிருந்து ஹால்மார்க் நகையில் எழுத்தும் எண்ணுமாக ஆறு இடம் கொண்ட எச்.யு.ஐ.டி. என்ற தனி அடையாளக் குறியீடு கட்டாயம். அது மாற்றைத்தான் உறுதி செய்யும். கண்ணியின் தடிமனையும் பற்றவைப்பையும் நீங்கள்தான் பார்க்க வேண்டும். கம்பியாக இழுக்கும்போது இறுகும் தங்கம், பற்றவைக்கும் சூட்டில் மறுபடி இளகிவிடும். அதனால் கொக்கியையும் அதை ஒட்டிய கண்ணிகளையும் வருடத்துக்கு ஒருமுறை பத்தரிடம் காட்டுங்கள். பார்த்துச் சொல்வதற்கு நான் காசு வாங்குவதில்லை.