ஆம்பர் ஒயின் இப்படித்தான் துவர்க்குமா, இல்லை கெட்டுப்போய்விட்டதா?

ஜார்ஜியா போய்வந்த நண்பர் கொடுத்த ஆம்பர் ஒயின் ஒரே துவர்ப்பாக இருந்தது, கெட்டுப்போனதா, இதையெல்லாம் எப்படிப் பழகுவது என்று கேட்டிருக்கிறீர்கள். இதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போக முடியவில்லை. இதே கேள்வியை நான் ஒரு பெரியவர் வீட்டில் உட்கார்ந்து, அவர் கையால் ஊற்றிக் கொடுத்ததைக் குடித்துவிட்டு, அவர் முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் ஒயின் படித்தவன் இல்லை, சமையல்காரன். ஜார்ஜியா நாட்டின் தலைநகரான திபிலீசியில் மருத்துவம் படிக்கிற நம் பிள்ளைகளுக்கான ஒரு மெஸ்ஸில் 2021 முதல் மூன்று வருடம் சமைத்தேன். குடியை வளர்க்கிறான் என்று யாரும் கிளம்பி வரவேண்டாம். குடிக்காதவர்கள் இதற்காகத் தொடங்கவே கூடாது. என் தாய்மாமா குடியால் போனவர், அதன் வலி எனக்கும் தெரியும். கேட்டவர் ஏற்கெனவே குடிப்பவர் என்பதால் மட்டும் எழுதுகிறேன்.

உங்களுக்கு என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. பாட்டிலை ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைத்திருப்பீர்கள். சில்லென்று எடுத்து, தொட்டுக்கொள்ள எதுவும் இல்லாமல், வெள்ளை ஒயின் என்று நினைத்துக் குடித்திருப்பீர்கள். அவ்வளவு குளிரில் மணம் எழும்பாது, துவர்ப்பு மட்டும்தான் நாக்கில் நிற்கும்.

ஆம்பர் ஒயினை ஆரஞ்சு ஒயின் என்றும் சொல்வார்கள், ஆனால் இதற்கும் ஆரஞ்சுப் பழத்துக்கும் சம்பந்தமில்லை. வெள்ளை ஒயினுக்குத் திராட்சையைப் பிழிந்ததும் தோலை எடுத்துவிட்டுச் சாற்றை மட்டும் நொதிக்க விடுவார்கள். இதில் அதே வெள்ளைத் திராட்சைதான், ஆனால் தோலும் விதையும் சாற்றோடேயே கிடக்கும். ஜார்ஜியாவின் கிழக்குப் பகுதியான ககேத்தியில் காம்பைக்கூடச் சேர்த்துப் போடுகிறார்கள். நிறம், துவர்ப்பு எல்லாம் அதிலிருந்து இறங்குவதுதான். 'ஆரஞ்சு ஒயின்' என்ற பெயரை 2004இல் டேவிட் ஹார்வி என்ற பிரிட்டிஷ் ஒயின் வணிகர் வைத்தார். அந்தப் பெயரால் வந்த குழப்பம் இன்னும் தீரவில்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன். 2022 ஜனவரியில் மெஸ் இருந்த கட்டடத்தின் உரிமையாளர், ககேத்தியில் தெலாவி என்ற ஊருக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் தன் அப்பா வீட்டுக்கு எங்களைக் கூட்டிப்போனார். தாத்தாவை அங்கே பபுவா என்பார்கள், பாட்டியை பெபியா. நானும் அப்படியே கூப்பிட்டேன். பபுவா மண்ஜாடியிலிருந்து ஊற்றிக் கொடுத்தார். கட்டஞ்சாயா நிறம். வாயில் வைத்ததும் பச்சை வாழைக்காயைக் கடித்த மாதிரி ஈறு வரைக்கும் இழுத்தது. "இது கெட்டுப்போயிடுச்சா?" என்று மகனிடம் ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் அதை அப்படியே அப்பாவிடம் சொல்லிவிட்டார்.

பபுவா கோபப்படவில்லை. என் கிளாஸை எடுத்துத் தள்ளி வைத்துவிட்டு உள்ளே பார்த்து ஏதோ சொன்னார். பெபியா இரண்டு தட்டு கொண்டுவந்தார். ஒன்றில் கத்திரிக்காயை நீளவாக்கில் சீவி வதக்கி, அக்ரூட் விழுது தடவிச் சுருட்டிய பத்ரிஜானி. இன்னொன்றில் ராஜ்மா பயறில் கொத்தமல்லி போட்டுச் செய்த லோபியோ. ஒரு வாய் சாப்பிடு, பிறகு குடி என்று கையைக் காட்டினார். அக்ரூட்டின் எண்ணெய் நாக்கில் படிந்திருந்தபோது அந்தத் துவர்ப்பு வந்து சுத்தமாகத் துடைத்துவிட்டுப் போனது. பிரியாணிக்கு அப்புறம் சுலைமானி குடித்தால் வாய் எப்படி இருக்கும், அப்படி. அதற்குப் பிறகுதான் காய்ந்த ஆப்ரிகாட் பழமும் தேனும் கலந்தாற்போல ஒரு மணம் இருப்பதே தெரிந்தது. அறுசுவையில் துவர்ப்பையும் வைத்துவிட்டு நாம் அதை வாழைப்பூவிலும் நெல்லிக்காயிலும் தவிர வேறெங்கும் தேடுவதில்லை. நாக்கு பழகவில்லை என்பதற்காகக் கெட்டுப்போனது என்று சொல்வது நியாயமில்லை.

அந்த அக்டோபரில் ர்த்வெலிக்கு, அதாவது திராட்சை அறுவடைக்கு, மறுபடி போனேன். க்வெவ்ரி கழுவும் வேலை எனக்கு. கழுத்து வரை நிலத்தில் புதைத்த, கைப்பிடியில்லாத, முட்டை மாதிரி அடி கூரான மண்பானைதான் க்வெவ்ரி. உட்புறம் தேன்மெழுகு பூசியிருப்பார்கள். அது புதைந்திருக்கும் கொட்டகைக்கு மரானி என்று பெயர். செர்ரி மரப்பட்டையை அடுக்கிக் கட்டிய நீளக் கம்புத் தூரிகையை உள்ளே விட்டுச் சுழற்றித் தேய்க்க வேண்டும். தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றி, மறுபடி நிரப்பி, மறுபடி தேய்க்க வேண்டும். ஏழாவது தடவை பபுவா தண்ணீரைக் கையில் அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். எட்டாவது தடவையும் தேய்த்தேன். பித்தளை அண்டா தேய்த்து வளர்ந்த கை எனக்கு, அதனால் அந்தத் தலையாட்டல் புரிந்தது.

ரகத்சிதெலித் திராட்சை, சிவப்புக் காம்பு என்று அர்த்தமாம். மரத்தைக் குடைந்த தொட்டியில் போட்டு மிதித்து, சாறும் சக்கையும் பானைக்குள் போகும். ஈஸ்ட் எதுவும் சேர்ப்பதில்லை, தானாகவே பொங்கும். பொங்குகிற நாட்களில் சக்கை மேலே வந்து அடைத்துக்கொள்ளும், தினமும் மூன்று நான்கு தடவை கம்பால் அமுக்க வேண்டும். கரியமில வாயு தேங்கும் என்று மரானிக் கதவைத் திறந்துபோட்டுக் காத்திருந்துதான் உள்ளே விட்டார். சக்கை தானாக அடியில் இறங்கியதும் மூடி போட்டு மண் பூசிவிடுவார்கள். விதையெல்லாம் கூரான அடியில் ஒதுங்கிவிடும், அதன்மேல் தோல் படிந்து மூடிக்கொள்ளும். அதனால் வசந்தகாலம் வரை கிடந்தாலும் கசப்பு ஏறுவதில்லை. அந்த அடியின் வடிவத்துக்கே அதுதான் காரணம்.

அந்தப் பயணத்தில் என்னோடு ஒரு மாணவன் வந்திருந்தான். கொடிக்கு நடுவில் உட்கார்ந்து அழுதுவிட்டான். ஊரில் ஒரு ஏஜென்ட் ஹாஸ்டல், சாப்பாடு, கட்டணம் எல்லாம் சேர்த்து என்று மொத்தமாக வாங்கிக்கொண்டு இங்கே ஹாஸ்டலுக்குக் கட்டவே இல்லை. அவன் அப்பா நிலத்தை அடமானம் வைத்து அனுப்பியவர். நான்கு மாதம் அவன் சாப்பாட்டை என் சம்பளத்தில் கழித்துக்கொள்ளச் சொன்னேன். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் பெற்றோர் யாராவது படித்தால், பணத்தைக் கல்லூரிக் கணக்கில் நேராகக் கட்டுங்கள்.

லேபிளில் 8000 வருடம் என்று போட்டிருக்கும். அது பாதி உண்மைதான். காடாச்ரிலி கோரா, ஷுலவேரிஸ் கோரா என்ற இரண்டு மேடுகளில் கிடைத்த பானை ஓடுகளில் கி.மு. 6000 வாக்கிலான ஒயின் தடயம் இருந்ததை 2017இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அது ஒயினுக்கான தடயம், இன்றைய ஆம்பர் ஒயினுக்கான சான்றிதழ் இல்லை. க்வெவ்ரி முறையை 2013இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது, அது உண்மை. பெருமைப்பட உண்மையே போதும், கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

மீதிப் பாட்டில் இருந்தால் குடிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வையுங்கள். குளுமை இருக்க வேண்டும், சில்லிப்பு கூடாது. எண்ணெயோ கொழுப்போ உள்ள சாப்பாடு பக்கத்தில் இருக்கட்டும். நான் மட்டன் சுக்காவோடும் எண்ணெய்க் கத்திரிக்காயோடும் குடித்துப் பார்த்தேன், இரண்டுமே சேர்ந்தன. காரம் மட்டும் குறைவாக இருக்கட்டும், மிளகாய் எரிச்சலைத் துவர்ப்பு இன்னும் கூட்டிவிடும். அடுத்த தடவை யாராவது ஜார்ஜியா போனால் இமெரெத்திப் பகுதி ஒயின் கேளுங்கள். அங்கே தோலைக் கொஞ்சமாகத்தான் போடுகிறார்கள், முதல் பழக்கத்துக்கு அது மென்மையாக இருக்கும்.

அப்புறம், லேசாகக் கலங்கியிருந்தால் பயப்பட வேண்டாம், பல பேர் வடிகட்டுவதில்லை. ஆனால் வினிகர் நெடியோ நெயில் பாலிஷ் நெடியோ மூக்கில் ஏறினால் அது நிஜமாகவே கெட்டதுதான், கீழே ஊற்றிவிடுங்கள்.