புதிதாகத் தலைமை ஆசிரியர் ஆகியிருக்கிறேன். பழைய ஆசிரியர்களை எப்படி மாற்றுவது?

"இருபது வருடமாக ஒரே மாதிரி நடத்துகிறவர்களை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வரியைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை. நீங்கள் பொறுப்பேற்று இரண்டு மூன்று மாதம் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். கூட்டம் போட்டிருப்பீர்கள், எல்லோரும் தலையாட்டியிருப்பார்கள், மறுநாள் வகுப்பில் ஒன்றும் மாறியிருக்காது. எனக்கும் அதுதான் நடந்தது.

நான் தலைமை ஆசிரியர் ஆன முதல் வருடம் ஒரு படிவம் தயாரித்தேன். பாடக்குறிப்பு இருக்கிறதா, கரும்பலகையில் தேதி எழுதியிருக்கிறதா, மாணவர்களிடம் கேள்வி கேட்கிறாரா என்று வரிசையாகக் கட்டங்கள். அதை எடுத்துக்கொண்டு வகுப்பு வகுப்பாகப் போய்ப் பின்பெஞ்சில் உட்கார்ந்து டிக் அடித்தேன். எங்கள் பள்ளியிலேயே மூத்தவரான கணக்கு சாரின் வகுப்பு முடிந்ததும், "சார், பிள்ளைங்களை இன்னும் கொஞ்சம் பேச விடலாமே" என்றேன். அவர் டஸ்டரைக் கீழே வைத்துவிட்டு, "மேடம், தப்பா நினைக்காதீங்க. நீங்க கடைசியா பாடம் எடுத்தது எப்போ?" என்று கேட்டார்.

அன்று இரவு தூக்கமில்லை. கோபத்தை விட, அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை என்பதுதான் உறுத்தியது. மறுநாள் அவரிடமே போய், "உங்க ஏழாம் வகுப்புல ஒரு பாடவேளை எனக்குக் கொடுங்க, நீங்க பின்னாடி உட்கார்ந்து பாருங்க" என்றேன். பின்னம்தான் பாடம். அரை பெரிதா, மூன்றில் ஒன்று பெரிதா என்று கேட்டேன். பாதி வகுப்பு மூன்றில் ஒன்று என்றது, இரண்டை விட மூன்று பெரிது என்பதால். "ஏன் அப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டு, யாரும் வாய் திறப்பதற்குள் நானே விளக்கத் தொடங்கிவிட்டேன். அப்படிச் செய்கிறேன் என்பது அப்போது எனக்குத் தெரியவே இல்லை.

வகுப்பு முடிந்ததும் சார் தன் நோட்டைக் காட்டினார். "பதினாலு கேள்வி கேட்டீங்க மேடம். பதினொண்ணுக்கு நீங்களே பதில் சொல்லிட்டீங்க." கொஞ்சம் பொறுத்து, "நானும் இதேதான் செய்யறேன்னு நினைக்கிறேன்" என்றார்.

அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற அறிவியல் கல்வி ஆய்வாளர் 1970களில் இதைத்தான் வகுப்பறை ஒலிப்பதிவுகளை வைத்து அளந்தார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக்கினால் பிள்ளைகளின் பதில் நீண்டது, "தெரியாது" என்பது குறைந்தது, மெதுவாகப் படிப்பவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களும் பேசினார்கள். நாங்கள் இருவரும் அடுத்த வாரம் முழுக்க அதை முயன்று பார்த்தோம். மனதுக்குள் ஒண்ணு, ரெண்டு, மூணு. அந்த மூன்று நொடி அவ்வளவு நீளம்! கை தானாகச் சாக்பீஸைத் தேடும். அப்படி ஒருமுறை காத்திருந்தபோது, அதுவரை என் முன்னால் வாயே திறக்காத ஒரு பெண் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, "ரெண்டாக் கிழிச்சா பெரிய துண்டு வருது, மூணாக் கிழிச்சா சின்னதா வருது" என்று தூக்கிக் காட்டினாள். நான் அன்று விளக்கியதை விட அது தெளிவாக இருந்தது.

அதன் பிறகு படிவத்தைத் தூக்கிப் போட்டேன். மாதம் ஒரு பாடவேளை நான் எடுப்பேன், யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று ஸ்டாஃப் ரூமில் சொன்னேன். முதலில் வந்தவர் அந்த சார்தான். அடுத்து, தன் வகுப்புக்கு வந்து பார்க்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டவரும் அவரே.

"ஒரு பள்ளியில் நடந்ததை வைத்து ஊருக்கே உபதேசமா" என்று சிலர் கேட்கலாம். இது எல்லாப் பூட்டுக்கும் சாவி என்று நான் சொல்லவில்லை. மதிப்பெண் ஒன்றும் அந்த வருடமே ஏறிவிடவில்லை. இரண்டு ஆசிரியர்கள் கடைசிவரை கதவைத் திறக்கவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. ஆனால் விவியன் ராபின்சனும் உடன் ஆய்வாளர்களும் 2008இல் பல ஆய்வுகளைத் தொகுத்து, பள்ளித் தலைமையின் ஐந்து வகைச் செயல்கள் மாணவர் கற்றலுக்கு எவ்வளவு உதவுகின்றன என்று ஒப்பிட்டார்கள். ஆசிரியர்களின் கற்றலை ஊக்குவித்து அதில் தலைவரும் பங்கெடுப்பதுதான் முதலிடம், விளைவின் அளவு 0.84 (எண் பெரிதாக இருந்தால் பலன் அதிகம்). ஒழுங்கான சூழலைப் பேணுவதற்கு 0.27. நான் அதுவரை பெரும்பாலான நேரத்தைச் செலவிட்டது இந்த ஒழுங்கைப் பேணுவதில்தான்.



உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்களை அதிகமாக எதிர்க்கும் ஆசிரியர் யாரோ, அவர் வகுப்பில் இந்த வாரம் ஒரு பாடவேளை கேட்டு வாங்குங்கள். உங்களுக்குக் கைவந்த பாடமாக இல்லாமல், பிள்ளைகள் திணறும் பாடமாக இருக்கட்டும். அவரைப் பின்பெஞ்சில் உட்காரச் சொல்லுங்கள். படிவம் எதுவும் கொடுக்காதீர்கள், ஒரு வெள்ளை நோட்டு போதும். முடிந்ததும் அவர் பேசட்டும், நீங்கள் குறுக்கே பேசாதீர்கள்.