சுத்தமான கால்மாடுலின் ஏன் ஒட்ட மறுக்கிறது?

கேள்வி: ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரித்த மனிதக் கால்மாடுலின் (செல்லுக்குள் கால்சியத்தைப் பிடித்து, பிற புரதங்களை இயக்கும் புரதம்), முதல் வாரத்தில் இலக்குப் பெப்டைடுடன் (அது பிணையவேண்டிய சிறு புரதத் துண்டு) நன்றாகப் பிணைந்தது. குளிர்பெட்டியில் இரண்டு மாதம் இருந்தபின் பிணைப்பு பாதிக்கும் கீழே போய்விட்டது. ஜெல்லில் ஓட்டினால் ஒரே பட்டைதான், அதாவது புரதம் சுத்தமாகவே தெரிகிறது. ஒவ்வொரு முறையும் புதிதாக டிடிடி சேர்க்கிறேன். தவறு எங்கே? (ஓர் ஆராய்ச்சி மாணவி)

முதலில் அந்த டிடிடியை மறந்துவிடுங்கள். அது சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தை ஆக்சிஜனிலிருந்து காக்கும் மருந்து; மனிதக் கால்மாடுலினில் சிஸ்டீன் ஒன்றுகூடக் கிடையாது. இல்லாத பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். நான் சந்தேகிப்பது மெத்தியோனின் என்ற இன்னோர் அமினோ அமிலத்தை.

148 அமினோ அமிலங்கள் கொண்ட இந்தப் புரதத்தில் 9 மெத்தியோனின்கள். இவ்வளவு சிறிய புரதத்துக்கு இது மிக அதிகம். இரு முனைக் குமிழ்களிலும் நான்கு நான்காக (36, 51, 71, 72, 109, 124, 144, 145) அமர்ந்திருக்கின்றன, 76ஆம் இடத்திலுள்ளது மட்டும் நடுத்தண்டில். கால்சியம் வந்து சேர்ந்ததும் குமிழ்கள் விரிந்து, அதுவரை உள்ளே ஒளிந்திருந்த நீர்வெறுக்கும் பள்ளங்கள் வெளியே தெரிகின்றன. இலக்குப் பெப்டைடின் டிரிப்டோஃபான் போன்ற பெரிய பக்கச் சங்கிலி வந்து பதிவது அங்கேதான்.

ஏன் மெத்தியோனின்? லியூசின், ஐசோலியூசின், வேலின் ஆகியவையும் நீரை வெறுப்பவைதாம். ஆனால் அவற்றின் சங்கிலி கிளைத்தது, விறைப்பானது. மெத்தியோனினின் சங்கிலி கிளையின்றி நீண்டு, எந்தப் பக்கமும் வளையும். அதன் கந்தக அணுவின் எலக்ட்ரான் மேகமும் எளிதில் நெகிழும். இலவம்பஞ்சு மெத்தை படுப்பவரின் உடலுக்கேற்ப அமுங்குவதுபோல, ஒன்றுக்கொன்று சாயலே இல்லாத பல இலக்குகளுக்கு ஒரே பள்ளம் இடம்கொடுக்கிறது. (மெத்தை, மெத்தியோனின் என்ற பெயர்ப் பொருத்தம் தற்செயல்தான்.)

அந்த நெகிழ்வான கந்தகமே பலவீனமும்கூட. கரைசலில் கரைந்த ஆக்சிஜன், மிகச்சிறு அளவு உலோக அயனிகள், பழைய ட்வீன் (சோப்பு போன்ற ஒரு பொருள்) புட்டியில் சேர்ந்திருக்கும் பெராக்சைடு, எதுவானாலும் அதன்மேல் ஓர் ஆக்சிஜன் அணுவை ஏற்றிவிடும். நீரை வெறுத்த பள்ளம் அதன்பின் நீரோடு உறவாடத் தொடங்கும். குறிப்பாக 144, 145இல் இது நடந்தால், கால்சியத்தைச் செல்லுக்கு வெளியே தள்ளும் பம்ப் நொதியைக் கால்மாடுலினால் சரிவரத் தூண்ட முடிவதில்லை. இதை வழக்கமான ஆய்வக நிலையில் டிடிடியால் திருப்ப முடியாது. செல்லுக்குள் அந்த வேலைக்கென்றே தனி ரிடக்டேஸ் நொதிகள் இருக்கின்றன.

இருந்தாலும் என் ஊகத்தை நம்பி வேலையில் இறங்காதீர்கள். கால்சியத்தைக் கவ்விப் பறிக்கும் ஈ.ஜி.டி.ஏ. பஃபரில் மிச்சம் இருந்தாலும் இதே அறிகுறிதான். மாதிரியை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் கால்சியமும் மற்றதில் அதேபோல் கால்சியத்தைப் பறிக்கும் ஈ.டி.டி.ஏ.வும் சேர்த்து ஜெல்லில் ஓட்டுங்கள். கால்சியம் பிடித்த புரதம் வேகமாக ஓட வேண்டும். பிறகு நிறை நிறமாலைமானிக்கு அனுப்புங்கள். ஏறத்தாழ 16,700 டால்டன் உள்ள புரதத்தில் ஓர் ஆக்சிஜன் ஏறினால் 16தான் கூடும். ஜெல் அதைக் காட்டிக்கொடுக்காது, நிறமாலைமானி காட்டும். 16, 32, 48 என்று படிப்படியாக உச்சிகள் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

மெத்தியோனின்களை லியூசினாக மாற்றிவிடலாமே என்று தோன்றும். பல இலக்குகளிடம் அது ஓரளவு வேலை செய்யும், எல்லாவற்றிடமும் அல்ல. அந்த நெகிழ்வை ஆராயவே விரும்பினால் தவிர அதில் இறங்க வேண்டாம். புதிதாகத் தயாரித்து, வாயு நீக்கிய பஃபரில் சிறு பங்குகளாகப் பிரித்து, மைனஸ் 80 டிகிரியில் உறையவையுங்கள். ஒரு முறை உருக்கிய பங்கை மீண்டும் உள்ளே வைக்காதீர்கள்.