வைட்டமின் கே2 சேர்ந்த கால்சியம் மாத்திரையை வாங்கலாமா?

கேள்வி: இதய வால்வு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட என் தாயார், இரத்தம் உறையாமலிருக்க அசினோகுமரால் மாத்திரை சாப்பிட்டு வருகிறார். எலும்புத் தேய்மானத்துக்குக் கால்சியம் கேட்டபோது, மருந்துக் கடைக்காரர் வைட்டமின் கே2 சேர்ந்த, விலை கூடுதலான மாத்திரையைப் பரிந்துரைத்தார். வாங்கலாமா? கீரையை அம்மா அறவே நிறுத்திவிட்டது சரிதானா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: இதய மருத்துவரைக் கேட்காமல் அந்த மாத்திரையை வாங்க வேண்டாம். இரத்தத்தை உறையவைக்கும் காரணிகளுள் நான்கைக் கல்லீரல் முழுமையாக உருவாக்குவதற்கு வைட்டமின் கே தேவை; கே2 அதன் ஒரு வகை. அசினோகுமரால், வார்ஃபரின் ஆகிய மருந்துகளோ, உடல் அந்த வைட்டமினைப் புதுப்பித்து மீண்டும் பயன்படுத்துவதைத் தடுப்பதன் மூலமே வேலை செய்கின்றன. ஆகவே, அதே வைட்டமினை மாத்திரையாகச் சேர்த்தால் மருந்தின் பலன் குறைந்து, வால்வில் இரத்தக்கட்டி உண்டாகும் ஆபத்து இருக்கிறது. அட்டையின் முன்பக்கத்தை மட்டும் நம்பாதீர்கள். பின்புறம் சிறிய எழுத்தில் ‘மெனாகுயினோன்-7’ அல்லது ‘எம்கே-7’ என்றிருந்தாலும் அது கே2தான். பல மல்டிவைட்டமின் மாத்திரைகளிலும் வைட்டமின் கே உண்டு. கே கலக்காத கால்சியம் மாத்திரைகள் குறைந்த விலையிலேயே கிடைக்கின்றன. அதன் அளவையும் மருத்துவரே சொல்லட்டும்.

கீரையை அறவே விலக்கத் தேவையில்லை. முருங்கைக்கீரை, பசலைக்கீரை போன்றவற்றில் வைட்டமின் கே மிகுதி என்பது உண்மையே. ஆனால் ஆபத்து கீரையில் இல்லை, ஒரு வாரம் தினமும் உண்டு மறுவாரம் தொடாமலிருக்கும் ஏற்றத்தாழ்வில்தான் இருக்கிறது. வாரந்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் உண்டால், இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை முடிவைப் பார்த்து மருத்துவர் மருந்தின் அளவை அதற்கேற்ப அமைத்துவிடுவார். இப்போதைய அளவு கீரையில்லாத உணவுக்கு அமைந்தது என்பதால், மீண்டும் தொடங்குமுன் அவரிடம் தெரிவிப்பது அவசியம்.

இம்மருந்துகளை உட்கொள்ளாத, உடல்நலமுள்ள பெரியவர்களுக்கும் கே மாத்திரை பெரும்பாலும் வீண் செலவென்றே கருதுகிறேன். அமெரிக்க வழிகாட்டுதலின்படி நாளொன்றுக்குப் பெண்களுக்கு 90, ஆண்களுக்கு 120 மைக்ரோகிராம் போதும். 100 கிராம் பச்சைப் பசலைக்கீரையிலேயே 400 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கிறது. இது கொழுப்பில் கரையும் வைட்டமின் என்பதால், கீரையைச் சிறிது எண்ணெய் விட்டுச் சமைப்பது நல்லது. ஜப்பானில் எலும்புத் தேய்மானத்துக்கு கே2 மருந்தாகவே தரப்படுகிறது என்று விற்பனையாளர்கள் சொல்லக்கூடும். அங்கே தரப்படுவது அதன் வேறொரு வகை. அளவும் நாளொன்றுக்கு 45 மில்லிகிராம், அதாவது 45,000 மைக்ரோகிராம். சத்து மாத்திரைகளில் இருப்பதோ பெரும்பாலும் சில பத்து முதல் ஓரிரு நூறு மைக்ரோகிராம்தான் என்பதால், அந்தப் பலனை இவற்றுக்கு உரியதாகக் காட்டி விற்பது பொருந்தாது.