டக்கரூ விதை முளைக்காதது ஏன்?

ஆஸ்திரேலியக் கடலோர மழைக்காட்டு மரமான டக்கரூவின் விதைகளை மூன்று மாதம் காயவைத்திருந்து விதைத்தும் முளைக்கவில்லை, மண்கலவைதான் குறையோ என்று கேட்டிருந்தீர்கள். அப்படிக் காயவைத்து எடுத்து வைத்திருந்ததுதான் காரணமாக இருக்கும். நீங்கள் நினைப்பதுபோல் மண்கலவையின் குறை அன்று. டக்கரூ விதையை நெல்லைப்போல் சேமித்து வைக்க இயலாது, பழம் வெடித்தவுடன் விதைத்துவிட வேண்டும்.

சந்தேகம் இருந்தால், மீதமுள்ள விதைகளில் நான்கைந்தைக் குறுக்காக வெட்டிப் பாருங்கள். உள்ளே பருப்பு சுருங்கியோ, பழுப்பேறியோ, புழு அரித்தோ இருந்தால் அந்தத் தொகுதியைக் கைவிட்டுவிடலாம்.

அடுத்த முறை, மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறக் காய் மூன்று பிளவாகத் திறந்து, பளபளக்கும் கருவிதையும் அதைப் போர்த்திய செம்மஞ்சள் சதையும் தெரியும் தருணத்தில் பறியுங்கள். கிழக்கு ஆஸ்திரேலியாவில் இது பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை நிகழும். பறவைகளும் அதே சதைக்காகத்தான் வருகின்றன என்பதால் தாமதித்தால் வெறுங்கூடுதான் மிஞ்சும். சதையை ஈரத்துணியால் முற்றிலும் துடைத்தெடுத்துவிட்டு, வடிகால் நன்குள்ள மணற்பாங்கான கலவையில் விதையின் பருமன் அளவுக்கே புதைத்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடலோர மழைக்காட்டின் உப்புக்காற்றையும் மணலையும் தாங்கும் மரமாயினும் நாற்றுப் பருவத்தில் அது வறட்சியைப் பொறுக்காது.

ஒரு தயக்கம்: தாய்மரம் டக்கரூதானா என்பதை இலையில் உறுதிசெய்துகொள்ளுங்கள். தடித்த சிற்றிலைகளின் நுனி மழுங்கியோ சற்றே உள்வெட்டுடனோ இருக்கும். முந்திரி (Anacardium) இலையை ஒத்த அந்தத் தோற்றமே Cupaniopsis anacardioides என்ற அதன் தாவரவியல் பெயருக்குள்ளும் புகுந்தது. நீங்கள் ஃப்ளோரிடாவில் இருந்தால் விதைக்கவே வேண்டாம், அங்கே அது தடைசெய்யப்பட்ட களைமரம்.