ரிப்போர்ட்டில் சிவப்பு எழுத்து, உடம்பில் ஒன்றுமில்லை

கேள்வி: எனக்கு 66 வயது, பிபி உண்டு. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று சொல்லி, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ரத்தப் பரிசோதனையில் என்டி-ப்ரோபிஎன்பி 900, பக்கத்தில் '125-க்குக் கீழ்' என்று போட்டு என் எண்ணைச் சிவப்பில் அடித்திருக்கிறார்கள். ஆனால் நான் மூச்சு வாங்காமல் மாடி ஏறுகிறேன். இதே நோயுள்ள என் தங்கைக்கு (என்னைவிடப் பருமன்) எண் குறைவுதான், அவளோ எந்நேரமும் சோர்ந்து கிடக்கிறாள். எதை நம்புவது? நன்றாகத்தானே இருக்கிறேன், மாத்திரையை நிறுத்தலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: நிறுத்தாதீர்கள். இந்த நோயில் இதயத்தின் மேலறை சுருங்காமல் வெறுமனே நடுங்குவதால், இடது மேலறையின் ஓரத்தில் காது மடல் மாதிரி இருக்கும் சின்னப் பைக்குள் ரத்தம் தேங்கி உறைகிறது. அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். படபடப்பு இருப்பவர், இல்லாதவர் என்றெல்லாம் அது பார்ப்பதில்லை. உங்களுக்கு வயது 65-ஐத் தாண்டிவிட்டது, பிபியும் இருக்கிறது, மாத்திரைக்கு அந்த இரண்டே போதும்.

இப்போது அந்த 900. இதய அறைகளின் சுவர் இழுபடும்போது கசியும் பொருள் இது. 125 என்பது இதயச் செயலிழப்பு (இதயம் போதிய ரத்தத்தைத் தள்ள முடியாத நிலை) இல்லை என்று ஒதுக்குவதற்காகப் போட்ட கோடு, சீராகத் துடிக்கிற இதயத்தை மனதில் வைத்துப் போட்டது. உங்களுக்கு மேலறை நடுங்கிக்கொண்டே இருப்பதால், செயலிழப்பு இல்லாமலேயே எண் ஏறும். வயதும் ஏற்றும், சிறுநீரகம் மந்தமானாலும் ஏறும். உடல் பருமனோ இறக்கிக் காட்டும், அதனால் தங்கையின் எண்ணை அப்படியே நம்பிவிட வேண்டாம். எக்கோ (இதயத்துக்கு எடுக்கும் ஸ்கேன்) எடுத்துப் பார்க்காமல் இந்த எண்ணை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது.

அப்படியென்றால் இந்த டெஸ்ட் வீணா என்றால், அதுவும் இல்லை. என்டி-ப்ரோபிஎன்பி, ட்ரோபோனின் (இதயத் தசை பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் கசியும் புரதம்) இரண்டையும் வயதோடும் பழைய பக்கவாத வரலாற்றோடும் சேர்த்துப் பக்கவாத ஆபத்தைக் கணக்கிடும் ஏபிசி என்ற அளவுகோல் 2016-இல் வெளிவந்தது. ரத்தக்கசிவு ஆபத்துக்கும் அதேபோல் ஒன்று உண்டு, அதில் ஹீமோகுளோபினும் ஜிடிஎஃப்-15 என்ற இன்னொரு ரத்தப் புரதமும் சேரும். ஆனால் இவையெல்லாம் நாளைக்கு என்ன நடக்கலாம் என்பதைச் சொல்பவை, இன்றைக்கு எப்படி இருக்கிறீர்கள் என்பதை அல்ல.

அதற்கென்று தனியாக ஒரு கேள்வித்தாள் இருக்கிறது, ஏஎஃப்இக்யூடி என்று பெயர். கடந்த 4 வாரங்களில் படபடப்பு எவ்வளவு தொந்தரவு செய்தது, மாடி ஏற முடிந்ததா, கவலையாக இருந்ததா என்று 20 கேள்விகள். மதிப்பெண் 0 முதல் 100 வரை, கூடுதல் என்றால் நல்லது. உங்களுக்கு இதில் 90 வரலாம், தங்கைக்கு 50 வரலாம், ரத்த எண்கள் தலைகீழாக இருந்தாலும்கூட. இரண்டும் உண்மைதான், இரண்டும் வேறு வேறு விஷயம்.

தங்கையைப் பற்றித்தான் எனக்கு யோசனை. சோர்வு என்றால் ஹீமோகுளோபின், டிஎஸ்எச் என்ற தைராய்டு டெஸ்ட் (தைராய்டு கோளாறே இந்த நோயைக் கிளப்பும்), குறட்டையோடு தூக்கத்தில் மூச்சுத் தடை இருக்கிறதா, துடிப்பைக் குறைக்கத் தரும் பீட்டா பிளாக்கர் அதிகமாகிவிட்டதா என்று பார்க்க வேண்டும். அடுத்த முறை எக்கோவும் கிரியேட்டினினும் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை, உங்கள் மாத்திரையின் அளவுக்கே அது வேண்டியிருக்கலாம்) எடுத்துக்கொண்டு போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.